பேயை எங்கே உட்கார வைக்கிறீர்கள்? திகில் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் திகில் கதையும் பேய்க்கதையும் எழுதுகிற தம்பி தங்கைகளுக்கும், மூத்தவர்களுக்கும்,

வணக்கம். நான் சேலத்துக்காரி. முப்பத்திரண்டு வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் சில வருடங்கள் சேர்வராயன் மலை மேல், மிச்சமெல்லாம் கீழே ஊருக்குள், பல வார்டுகளில். நைட் ட்யூட்டியில் தூக்கத்தை விரட்டுவதற்காக மாத நாவல் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. உங்களில் பாதிப் பேருடைய கதைகளையாவது படித்திருப்பேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு கதை படித்தேன். இடம் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி, பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு பங்களா. வெள்ளைக்காரன் காலத்தில் அது ஆஸ்பத்திரி. வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸ் ஒருத்தி கால் தரையில் படாமல் நடக்கிறாள். சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்த மனநோயாளி ஒருவன் கத்தியோடு அலைகிறான். மலைவாசிக் கிழவி ஒருத்தி ஏவல் வைக்கிறாள். நடுநடுவே கேலியும் உண்டு: ஆயா இருபது ரூபாய்க்குக் கை நீட்டுகிறாள், வார்டு பாய் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்துத் தூங்குகிறான். கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து எல்லாவற்றையும் சரி செய்கிறார்.

கதை விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் படித்து முடித்த பிறகு மனசு கசந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். பயமுறுத்துவதற்கு நர்ஸ், நோயாளி, மலைக்கிழவி. சிரிப்புக்கு ஆயாவும் வார்டு பாயும். கதையில் அதிகாரம் உள்ளவர் ஒரே ஒருவர்தான், அவர் காப்பாற்ற வருகிறார். நான் என் ஆயுசில் பார்த்தது இதற்கு நேர் தலைகீழ். மருத்துவத்தை வைத்துத் திகில் எழுதுங்கள், பகடியும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இப்போது எழுதுவதைவிட அதிகமாகவே எழுதுங்கள். ஆனால் பேயைக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடக்கிறவன் மேல் ஏற்றாதீர்கள். கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் உட்கார வையுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் அந்தச் சங்கிலியைப் பற்றி. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலக் காப்பகம் என்று பெயர் போட்டு நடத்திய ஒரு கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப் போனார்கள். சங்கிலியில் கட்டுவதே கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. நம் தமிழ்நாட்டில், நம் காலத்தில் நடந்ததில் சங்கிலி அறுபடவில்லை, யாரும் கத்தியோடு ஓடி வரவில்லை. கட்டியவர்கள், சாவியை வைத்திருந்தவர்கள், அனுமதி இருக்கிறதா என்று ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்கள், இவர்களைப் பற்றி ஒரு திகில் கதையாவது வந்திருக்கிறதா? நான் படித்தவரையில் இல்லை. சங்கிலியை அறுத்துக்கொண்டு வரும் பைத்தியம் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அதைப் படித்த குடும்பம்தான் தன் வீட்டுப் பையனை டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு அறைக்குள் பூட்டி வைக்கிறது. அப்படிப் பூட்டிய அறைகளை நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மலை. ஏற்காடு என்றாலே உங்கள் கதை வெள்ளைக்காரன் பங்களாவில் ஆரம்பிக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபியைக் கொண்டு வந்தது 1820களில். அதற்கும் பல தலைமுறை முன்னாலிருந்து அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள், தமிழ் பேசுகிற மலை மக்கள் அவர்கள். அவர்கள் சாமி சேர்வராயன் குகைக்குள் இருக்கிறார். உங்கள் கதைகளில் அவர்கள் மாந்திரீகம் செய்கிறார்கள். நான் பார்த்த மலைக்கிழவிகள் போர்வையில் தூளி கட்டி, பிரசவ வலி எடுத்த மருமகளைத் தூக்கிக்கொண்டு ரோடு இருக்கிற இடம்வரை நடந்து வந்தவர்கள். வந்து சேர்ந்தால் டாக்டர் மீட்டிங்குக்குக் கீழே போயிருப்பார். அந்தக் கிழவி திண்ணையில் உட்கார்ந்து மருமகளின் காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். அவள் கையில் எந்த ஏவலும் இருந்ததில்லை. இருந்திருந்தால் அந்த மீட்டிங் நடந்திருக்காது.

சரி, இப்போது என் கதையையே சொல்கிறேன். இதை வெளியில் சொல்வது இதுதான் முதல் தடவை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு டார்கெட் உண்டு. வருடத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதை ‘கேஸ் பிடிப்பது’ என்றுதான் சொல்வோம், மீன் பிடிப்பது மாதிரி. மார்ச் மாதம் வந்தால் வயிற்றைக் கலக்கும். கணக்கு முடிகிற மாதம். ரிவ்யூ மீட்டிங்கில் எண் குறைந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். சம்பளத்தை நிறுத்துவோம், மாற்றல் போடுவோம் என்பார்கள். மேலே இருக்கிறவருக்கு அவருக்கு மேலே இருக்கிறவர் சொல்லியிருப்பார். அவசரநிலைக் காலத்தில், 1976-77 என்கிற ஒரே ஆண்டில், நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார்கள் என்று பிறகு விசாரணையில் கணக்கு வந்தது. நான் சேர்ந்தபோது அந்தக் காலம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் பதிவேடு சாகவில்லை. எங்கள் மேசை மேல்தான் இருந்தது, பச்சை நிற அட்டை, ஓரத்தில் சிவப்புத் துணி ஒட்டியது.

அப்படி ஒரு மார்ச் மாதம். காபித் தோட்டத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும், இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பு நெருப்பாகக் கொதித்தது. எனக்கு அந்த வருடம் இன்னும் இரண்டு கேஸ் வேண்டியிருந்தது. எத்தனை குழந்தை என்று கேட்டேன். இது இரண்டாவது என்றாள். ஆபரேஷன் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நர்சம்மா, நான் ஒத்துக்கிட்டா புள்ளைக்கு மருந்து குடுப்பீங்களா?” என்று கேட்டாள்.

இரண்டும் வேறு வேறு, பிள்ளைக்கு எப்படியும் மருந்து உண்டு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மருந்தை மறுக்கவும் இல்லை. பேசாமல் மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள் கட்டைவிரல் ரேகை சரியாக விழவில்லை. காபிப் பழம் பறித்துப் பறித்து விரல் நுனி தேய்ந்து, கறை ஏறி, தோல் காய்த்துப் போயிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடியும் மையில் தொட்டு நானே பிடித்து அழுத்தினேன். அப்போது அவள் கை சில்லிட்டிருந்தது, குழந்தையின் கால் என் முழங்கையில் பட்டுச் சுட்டது. இதெல்லாம் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. குழந்தைக்கு மருந்து கொடுத்தேன், பிழைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. யாரும் சாகவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. ரிவ்யூ மீட்டிங்கில் அந்த வருடம் நான் எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை. டார்கெட் முறையை 1996-இல்தான் அரசு கைவிட்டது.

உங்களிடம் கேட்கிறேன், இதில் பேய் யார்? நான்தான் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் மட்டும் என்று எழுதினால் அது பாதிக் கதை. என்னை எழுந்து நிற்கச் சொன்னவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மகள் கல்யாணம் இருந்தது. அவருக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேல் ஒருவர். ஏணியில் ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒரு எண் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணுக்குப் பசி. எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் நான் எழுதுகிற திகில் கதை அதுதான். மார்ச் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பச்சை அட்டைப் பதிவேடு தானாகப் பக்கம் புரட்டுகிறது, இன்னும் இரண்டு வரி காலியாக இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பிற்பாடுதான் படித்தேன். படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊர். 1932-இலிருந்து 1972 வரை, நாற்பது வருடம். சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை அரசுச் சுகாதாரத் துறையே வைத்துக்கொண்டு, வைத்தியம் செய்யாமல், நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். 1940களில் பென்சிலின் வந்தது, அதையும் கொடுக்கவில்லை. செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம் தருவோம், அதற்குப் பதிலாக உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதியுங்கள் என்றார்கள். அந்த ஆண்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கூட்டி வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். அவரும் கறுப்பினத்தவர். அன்பானவர், அந்தக் குடும்பங்கள் அவரை நம்பின. எனக்கு டாக்டர்களைவிட அந்த நர்ஸின் முகம்தான் வந்து வந்து போனது. அவர் என் வேலையைத்தான் செய்தார், என் மை டப்பாவைத்தான் நகர்த்தினார். நல்ல மனுஷியின் நல்ல குணத்தையே அதிகாரம் கருவியாக எடுத்துக்கொள்கிறதே, அதைவிடத் திகில் வேறு எதில் இருக்கிறது?

பாழடைந்த பங்களா வேண்டும் என்றால் அதுவும் நிஜத்தில் இருக்கிறது. 2014 நவம்பர், சத்தீஸ்கர், பிலாஸ்பூர் பக்கம். பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே டாக்டர் ஆபரேஷன் செய்தார். ஒரு நாளைக்கு 30-க்கு மேல் கூடாது என்பது விதி. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப் போனார்கள். அந்த வருட ஆரம்பத்தில்தான் அதே டாக்டருக்கு 50,000 ஆபரேஷன் செய்ததற்காக மாநில அரசு விருது கொடுத்திருந்தது. விருது மேடையை நினைத்துப் பாருங்கள். பொன்னாடை, மாலை, போட்டோ. பகடி எழுதுகிறவருக்கு இதில் சேர்க்க வேண்டியது எதுவுமே இல்லை, மேடையை அப்படியே எழுதினால் போதும். எனக்குத் தெரிந்தவரை எந்தத் திகில் எழுத்தாளரும் அந்த மேடையை எழுதவில்லை, அந்தக் கட்டடத்தின் ஒட்டடையைத்தான் எழுதுவார்கள்.

சிறுநீரகக் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கதைகளில் மயக்க மருந்து கொடுத்துத் திருடுகிறார்கள், நாயகன் ஐஸ் பெட்டிக்குள் முழிக்கிறான். சேலத்திலிருந்து சங்ககிரி தாண்டிப் போனால் பள்ளிபாளையம். அங்கே விசைத்தறித் தொழிலாளிகள் கடனுக்குச் சிறுநீரகம் விற்றது 2025-இல் மறுபடியும் செய்தியாகி, அரசு விசாரணை வைத்தது. மயக்க மருந்து தேவைப்படவே இல்லை, அவர்கள் தங்கள் காலால் நடந்து போய்க் கையெழுத்துப் போட்டவர்கள். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி விற்பது குற்றம். நெருங்கிய உறவினர் தரலாம். உறவில்லாதவர் தர வேண்டுமானால், பாசத்தாலும் பற்றாலும் தருகிறேன் என்று காரணம் காட்டி, அங்கீகாரக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். ‘பாசம்’ என்பது அங்கே சட்டச் சொல். தருகிறவரும் பெறுகிறவரும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோவைக் குழு பார்க்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் அப்படி வைத்தார்கள்.

இப்போது ஒரு போட்டோ ஸ்டுடியோவைக் கற்பனை செய்து பாருங்கள். தறிப் பஞ்சு தலைமுடியில் ஒட்டிய ஒரு மனிதனையும், அவன் முன்பின் பார்த்திராத ஒரு பணக்காரரையும் தோளில் கை போடச் சொல்கிறார் போட்டோக்காரர். இன்னும் நெருக்கமா, சிரிங்க, அண்ணன் தம்பி மாதிரி. பின்னால் திருவிழாத் திரை. பத்து வருடம் முந்தைய படம் மாதிரி இருக்க வேண்டும் என்பதால் மஞ்சள் ஏற்றுகிறார். தறிக்காரன் உண்மையிலேயே சிரித்துவிடுகிறான், ஏனென்றால் அவன் தோளில் அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் கை போட்டதில்லை. இதை எழுத உங்களில் ஒருவருக்காவது கை துடிக்கவில்லையா? எனக்குத் துடிக்கிறது. எனக்குத்தான் எழுத வராது, கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கை.

டாக்டர்கள் எல்லோரும் அரக்கர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பத்தாறு மணி நேரம் நின்ற காலோடு நின்று உயிரைக் காப்பாற்றிய பிள்ளைகளோடு வேலை பார்த்திருக்கிறேன். அதிகாரம் ஒரு மனிதனை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்பதைத்தான் எழுதச் சொல்கிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு பையன், பெயர் வேண்டாம். பாம்பு கடித்து வந்த ஒரு குழந்தை விடியற்காலை மூன்று மணிக்குச் செத்துப்போனது. அவன் மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். நான் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். இவன் பெரிய டாக்டர் ஆவான் என்று அன்றைக்கு நினைத்தேன், ஆனான்.

பதினைந்து வருடம் கழித்து எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை முழங்கால் வலிக்காக அவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சொந்தக் கட்டடம், நான்கு மாடி. தலை நிமிராமலே பதினொரு டெஸ்ட் எழுதினான். எழுதி முடித்துச் சீட்டை நீட்டும்போதுதான் என்னைப் பார்த்தான். “சிஸ்டர், நீங்களா?” என்று எழுந்து நின்றுவிட்டான். அந்த மரியாதை நிஜம், அதில் சந்தேகமில்லை. அப்புறம் அந்த அம்மாவைக் காட்டி, “உங்க ஆளா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். சீட்டைத் திரும்ப வாங்கி, அதே பேனாவால் ஏழு டெஸ்ட்டை ஒவ்வொன்றாக அடித்தான். நான்கு மிச்சம்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர் என்று எங்கெங்கிருந்தோ முதல் பஸ்ஸில் வந்தவர்கள், மடியில் பழைய எக்ஸ்ரே கவர். அந்த நாற்பது பேரில் யாருக்கும் நான் சிஸ்டர் இல்லை. அவன் எந்த வருடத்தில், எந்த மாதத்தில் மாறினான்? கட்டடக் கடன் வாங்கியபோதா, ஸ்கேன் மெஷினுக்குத் தவணை கட்ட ஆரம்பித்தபோதா, லேபிலிருந்து முதல் கமிஷன் கவர் வந்த அன்றைக்கா? மனிதன் ஓநாயாக மாறும் கதைகளில் ரோமம் முளைப்பதை இரண்டு பக்கம் வர்ணிப்பீர்களே, அந்தக் கவனத்தை இதற்குக் கொடுங்கள்.

கடைசியாக என் அப்பா. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ராத்திரி ஒன்பது பத்துக்கு அப்பா உயிர் போனது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், நேரத்தை நானே பார்த்தேன், நர்ஸ் புத்தி போகாது. பில் வந்தது பதினொன்றரைக்கு. அதில் ஆக்சிஜனுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிவரை கணக்குப் போட்டிருந்தார்கள். செத்துக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அப்பா மூச்சு விட்டதாகக் காகிதம் சொன்னது. கவுண்டரில் இருந்த பையனிடம் காட்டினேன். அவன் என் தம்பி வயது, பாவம், அவனுக்கே கண் கலங்கிவிட்டது. “மேடம், எனக்குப் புரியுது. சிஸ்டம்ல மாத்த முடியலை” என்றான். பணம் முழுதும் கட்டினால்தான் கேட் பாஸ், கேட் பாஸ் இருந்தால்தான் உடல். நோயாளியின் உரிமைகள் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த சாசனத்தில், பணத்துக்காக உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று இருக்கிறது. அது எனக்குத் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரியும். வாட்ச்மேன் அண்ணன் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு விடியும்வரை நின்றார். காலையில் அடகுக் கடை திறந்து, தங்கையின் சங்கிலியை வைத்து, ஒன்பதரைக்கு அப்பாவை வாங்கினோம். பன்னிரண்டு மணிவரை ஓடிய ஆக்சிஜனுக்கும் சேர்த்துத்தான் கட்டினோம்.

அன்று ராத்திரி அந்தக் கட்டடத்தில் நான் பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. பணம் கட்டாமல் உடலைத் தரக் கூடாது என்று முடிவு செய்தவரை நான் பார்க்கவே இல்லை. அவர் எங்கேயோ நான்காவது மாடியிலோ, வேறு ஊரிலோ தூங்கிக்கொண்டிருந்தார். கால் தரையில் படாமல் நடப்பவர் என்றால் எனக்கு அவர்தான். கவுண்டர் பையனையும் வாட்ச்மேனையும் வைத்து யாராவது கேலி எழுதினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஆயா இருபது ரூபாய் கேட்பது தப்புதான், நான் மறைக்கவில்லை, ஏழைகளிடம் அவர்கள் பிடுங்குவதைப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் பகடி அங்கேயே நின்றுவிட்டால், நான்காவது மாடி நிம்மதியாகத் தூங்கும்.

திகிலையும் பகடியையும் ஒரே சட்டியில் கிண்டுவது நமக்குப் புதிதில்லை. கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் காளியிடம் முறையிட்டு அழுகின்றன. போர் முடிந்த களத்தில் பிணத்தைக் கொண்டு கூழ் சமைத்து, குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து ஊற்றுகின்றன. பள்ளிக்கூடத்தில் தமிழம்மா அதை நடித்தே காட்டினார், வகுப்பே சிரித்தது, எனக்குக் குமட்டியது, அப்புறம் நானும் சிரித்தேன். அந்தப் பேய்களைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, அவை பட்டினி கிடந்த சனங்கள் மாதிரி. பிணத்தைக் குவித்தது ராஜாவின் படை. பரணி பாடியவர் ராஜாவைப் புகழ வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எண்ணூறு தொள்ளாயிரம் வருடம் கழித்து எழுதுகிற நீங்கள் சட்டியிலிருந்து கண்ணை எடுத்து, குவித்தவர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு ராத்திரியாவது ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருங்கள். ரொம்பப் பேர் பிணவறையைப் போய்ப் பார்க்கிறார்கள், அங்கே ஒன்றும் இல்லை, அங்கே வேலை செய்கிறவர் மத்தியானம் எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவார். கையெழுத்துக்காகக் காத்திருக்கிற இடத்தில் உட்காருங்கள். ஓ.பி. சீட்டு, காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, நான்கைந்து ஜெராக்ஸ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். மூடிய கதவின் மேல் கண் வைத்து, அது திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்து பாதி உட்காருவார். ராத்திரி முழுக்க எத்தனை தடவை எழுந்தார் என்று எண்ணுங்கள்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நான் மலைக்குப் போவேன், வருடம் தவறாமல் போகிறேன். அந்தப் பெண் இப்போது பாட்டியாகியிருப்பாள். ஐம்பது வயதுக்கு மேல் உள்ள ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன், இதுவரை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தால் என்ன சொல்வது என்றும் இன்னும் தெரியவில்லை. உங்களில் யாராவது அந்தப் பதிவேட்டையோ, போட்டோ ஸ்டுடியோவையோ, நான்காவது மாடியையோ எழுதினால், அச்சில் எங்கே வந்தாலும் தேடி வாங்கிப் படிப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி,
அஸ்தம்பட்டி, சேலம்.